உண்ணியின் வீடு நாயின் உடல் அல்ல: கொழும்பில் நாய், பூனை வளர்ப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் நாய் வளர்ப்பவர்கள் உண்ணியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் ஒரே வருத்தத்தையே கேட்க முடிகிறது. கிழமைதோறும் குளிப்பாட்டுகிறோம், காதுக்குள்ளும் கால் விரல் இடுக்குகளிலும் தேடிப் பிடுங்குகிறோம், மிருக வைத்தியர் கொடுத்த மருந்தையும் வைத்தோம், ஆனாலும் சில நாட்களில் மறுபடியும் வந்துவிடுகின்றன என்பார்கள். மருந்து போலியானது என்று சிலர் நினைக்கிறார்கள். தெருநாய்களே காரணம் என்று வேறு சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்களின் அடியில் ஒரே தவறான எண்ணம்தான் கிடக்கிறது: உண்ணி நாயின் உடலில் வசிக்கிறது என்பது. அந்த எண்ணம் திருந்தினால், எந்த மருந்தை எவ்வளவு காலம் கொடுப்பது, வீட்டில் எங்கே தேடுவது, பூனையை ஏன் தனியாகக் கவனிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே புலப்படத் தொடங்கும்.

எந்த உண்ணியைப் பற்றிப் பேசுகிறோம்

உண்ணி ஒரு பூச்சி அன்று. அது சிலந்தியும் தேளும் அடங்கும் எட்டுக்கால் உயிரினங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. நாயின் மயிருக்குள் பாய்ந்து ஓடுவது தெள்ளு. அது ஆறு கால்களுள்ள பூச்சி. உண்ணி பாய்வதுமில்லை, பறப்பதுமில்லை. ஊர்ந்து வந்து ஏறி, ஓரிடத்தில் வாயைப் பதித்து, நாட்கணக்கில் அசையாமல் இரத்தம் குடிக்கும். இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் தெள்ளைக் கொல்லும் மருந்தெல்லாம் உண்ணியைக் கொல்வதில்லை. உதாரணமாக, இமிடாகுளோபிரிட் என்ற மருந்து தெள்ளுக்கு நன்றாக வேலை செய்யும். தனியே கொடுத்தால் உண்ணிக்குப் பயனில்லை.

கொழும்பின் வீடுகளில் நாய்களின் மீது நாம் காண்பது பெரும்பாலும் கபில நிற நாயுண்ணியாகும். விஞ்ஞானப் பெயர் ரைபிசெபாலஸ் சங்குவினியஸ். உலகின் வெப்பமான பகுதிகளெங்கும் நாய் இருக்கும் இடமெல்லாம் இதுவும் இருக்கிறது. இணையத்தில் உண்ணி என்று தேடும்போது, அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்தில் நாய்களுக்குப் பக்கவாதத்தை உண்டாக்கும் உண்ணியைப் பற்றியும், வட அமெரிக்காவில் லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணியைப் பற்றியும்தான் அதிகம் கிடைக்கும். அவை வேறு இனங்கள், அவற்றின் பழக்கங்களும் வேறு. புல்வெளியைத் தவிருங்கள், காட்டுப் பாதையில் நடக்காதீர்கள் என்ற அறிவுரைகள் அந்த இனங்களுக்காகவே எழுதப்பட்டவை. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில், புல்லையே மிதிக்காத நாய்க்கும் உண்ணி வருவது ஏன் என்பதை அவை விளக்க மாட்டா.

சாப்பாடு ஓரிடம், வாசம் வேறிடம்

வெளியூரிலிருந்து வந்து கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் சாப்பாட்டுக்காக மட்டும் தெருமுனையிலுள்ள கடைக்குப் போவார். சாப்பிட்டு முடித்ததும் அறைக்குத் திரும்பிவிடுவார். கடையில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினால், அந்தச் சுற்றுவட்டத்தில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பது தெரியவராது. உண்ணிக்கு நாய் அந்தச் சாப்பாட்டுக் கடை. அது தங்கும் அறை உங்கள் சுவரின் வெடிப்பில், கதவு நிலையின் இடுக்கில், நாய்க்கூட்டின் பலகைகளுக்கு நடுவில் இருக்கிறது.

இப்போது உண்மையான செயல்முறைக்கு வருவோம். உண்ணியின் வாழ்க்கையில் நான்கு கட்டங்கள் உள்ளன: முட்டை, ஆறு கால்களோடு வெளிவரும் குடம்பி, எட்டுக் கால்களுள்ள அணங்கு எனப்படும் இளம் உண்ணி, முழு வளர்ச்சியடைந்த நிறையுடலி. முட்டையைத் தவிர்ந்த மூன்று கட்டங்களிலும் அதற்கு ஒரு தடவை இரத்தம் வேண்டும். எந்த உயிரின் இரத்தத்தை அது குடிக்கிறதோ, அந்த உயிரை விருந்து வழங்கி என்பர். கபில நாயுண்ணி ஒவ்வொரு கட்டத்திலும் நாயின் மீது ஏறி, சில நாட்கள் இரத்தம் குடித்து, பிறகு கீழே விழுந்து, மறைவான இடமொன்றில் தோல் கழற்றி அடுத்த கட்டத்துக்கு வளர்கிறது. வளர்ந்ததும் மறுபடி ஒரு நாயைத் தேடி ஏறுகிறது. பல உண்ணி இனங்கள் இளம் பருவத்தில் எலி, பறவை போன்ற சிறு உயிர்களையே நாடும். இந்த இனமோ மூன்று கட்டங்களிலும் நாயையே விரும்புகிறது. ஆகவே, ஒரேயொரு நாய் இருக்கும் வீட்டுக்குள்ளேயே அதன் முழு வாழ்க்கைச் சக்கரமும் சுழன்றுவிட முடியும். காட்டின் உதவியோ புல்லின் உதவியோ அதற்குத் தேவையில்லை.

நாயின் காதோரம் சாம்பல் நிறத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வீங்கியிருப்பது இரத்தம் நிரம்பிய பெண் உண்ணி. அதன் அருகிலேயே தட்டையாக, சிறிதாக, கபில நிறத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஆண். இரண்டும் வெவ்வேறு வகை உண்ணிகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே இனம்தான். அந்தப் பெண் உண்ணி வயிறு நிரம்பியதும் விழுந்து, சுவரோரமாக ஊர்ந்து, முடிந்தவரை மேல்நோக்கி ஏறி, ஓர் இடுக்கில் ஒளிந்து முட்டையிடும். ஒரே தடவையில் ஆயிரத்துக்கும் அதிகமான முட்டைகள். சில வேளைகளில் 4000 வரைகூடப் போகலாம். முட்டையிட்டதும் அது இறந்துவிடும். கூரைத் தட்டின் மூலையிலும் படத்தின் சட்டத்துக்குப் பின்னாலும் உண்ணி ஊர்வதைக் கண்டு திகைப்பவர்களுக்கு விடை இதுதான்: மேலே ஏறுவது அதன் இயல்பு.

இன்னொரு செய்தியும் மனதில் இருக்க வேண்டும். இரத்தம் கிடைக்காத நிறையுடலி உண்ணியால் பல மாதங்கள் பட்டினி கிடந்து உயிர்வாழ முடியும். பழைய குடியிருப்பாளரின் நாய் போய்ப் பல மாதங்களாகி, வீடு பூட்டிக் கிடந்து, நீங்கள் உங்கள் நாயோடு குடிபுகுந்த முதற் கிழமையிலேயே உண்ணி தோன்றினால் அதில் வியப்பில்லை. நாயின் மூச்சுக் காற்றையும் உடல் மணத்தையும் முன்னங்கால்களிலுள்ள உணர்வுறுப்பால் அறிந்துகொண்டு அவை வெளியே வருகின்றன.

சுருங்கச் சொன்னால், நாயின் மீது காணப்படும் உண்ணிகள் அந்த நேரத்தில் சாப்பிட வந்தவை மட்டுமே. முட்டைகளும், தோல் கழற்றிக் கொண்டிருப்பவையும், பசியோடு காத்திருப்பவையும் வீட்டுக்குள் மறைந்திருக்கின்றன.

நமது காலநிலை செய்யும் உதவி

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்ததும் வெளியிடங்களில் இந்தச் சக்கரம் நின்றுபோகும் அல்லது மிகவும் மெதுவாகும். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூடும் ஈரப்பதனும் குறைவதில்லை. சாதகமான வெப்பநிலையில் முட்டையிலிருந்து முட்டையிடும் பெண் உண்ணி வரையான முழுச் சுற்றும் ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதங்களில் முடிந்துவிடும். எனவே உண்ணிக் காலம் என்று ஒன்றைத் தனியாகக் குறித்து, அந்த மாதங்களில் மட்டும் மருந்து கொடுப்பது இங்கே பொருந்தாது. ஆண்டு முழுவதும் இடைவிடாத பாதுகாப்பே இங்கு பொருந்தும்.

கடியிலிருந்து நோய் வரை

உண்ணி குடிக்கும் இரத்தத்தின் அளவு, குட்டி நாய்க்கும் மிகவும் அதிகமாகத் தொற்றிய நாய்க்கும் ஆபத்தாகலாம். ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு உண்மையான ஆபத்து அதன் உமிழ்நீரில் இருக்கிறது. உண்ணியின் வாயில், பின்நோக்கிய முட்களுள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. அதைத் தோலுக்குள் செலுத்தியபின், வலி தெரியாமலும் இரத்தம் உறையாமலும் செய்யும் பொருட்களை உமிழ்நீரோடு உட்செலுத்துகிறது. நாய் சொறிந்து காட்டாததற்கு இதுவே காரணம். அந்த உமிழ்நீரில் நுண்ணங்கிகளும் கலந்திருந்தால் அவையும் நாயின் இரத்தத்துக்குள் சேர்ந்துவிடும். இவ்வாறு ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு நோயைக் கொண்டு செல்லும் உயிரினத்தை நோய்க்காவி என்பர்; டெங்குக்கு நுளம்பு எப்படியோ, இந்த நோய்களுக்கு உண்ணி அப்படி.

இலங்கை நாய்களில் அறிந்திருக்க வேண்டிய நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று எர்லிக்கியா என்ற பற்றீரியாவால் வருவது. அது வெண்குழியங்களுக்குள் புகுந்து வாழ்கிறது. இரத்தத்தை உறையவைக்கும், டெங்கு வந்த வீடுகளிலெல்லாம் கேட்டுப் பழகிய குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை இந்த நோயிலும் வீழ்ச்சியடையும். அதனால் மூக்கிலிருந்து இரத்தம் வடியலாம், வயிற்றுத் தோலிலும் பல் முரசிலும் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றலாம். இந்த நோயின் கொடுமை அதன் நடுக்கட்டத்தில் இருக்கிறது. முதற்காய்ச்சல் சில கிழமைகளில் தானாகவே தணிந்து, நாய் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், நலமாக இருப்பதுபோலத் தோன்றும். அந்தக் காலமெல்லாம் நுண்ணங்கி உடலுக்குள்ளேயே இருக்கும். சில நாய்களில் அது பின்னர் எலும்பு மச்சையைத் தாக்கி, இரத்தம் உருவாகும் வேலையையே நிறுத்திவிடுகிறது. அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகவும் கடினம். முதற் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சுமார் நான்கு கிழமைகள் கொடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

மற்றது பபீசியா. இது பற்றீரியா அன்று. மலேரியாக் கிருமியைப் போலச் செங்குழியங்களுக்குள் பெருகும் ஒற்றைக் கல உயிரி. செங்குழியங்கள் உடைவதால் முரசு வெளிறும், சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போகும், நாய் எழும்பவே சோம்பும். பபீசியாவிலும் வெவ்வேறு வகைகள் உண்டு. ஒரு வகைக்குக் கேட்கும் மருந்து இன்னொரு வகைக்குக் கேட்காது. ஆகவே பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்ட ஊசியையே நம் நாய்க்கும் போடும்படி கேட்பது பயன் தராமற் போகலாம்.

இங்கே இரண்டு தெளிவுகள் தேவை. ஆண்டுதோறும் போடும் தடுப்பூசிகள் விசர் நோய்க்கும் பார்வோ போன்ற வைரசு நோய்களுக்குமானவை. எர்லிக்கியாவுக்குத் தடுப்பூசியே கிடையாது. மேலும், ஒரு தடவை குணமான நாய்க்கு நிலையான எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை. மறுபடி கடித்தால் மறுபடி வரும்.

மருந்து உண்மையில் என்ன செய்கிறது

உண்ணி மருந்துகளைப் பெயர்களால் நினைவில் வைப்பதைவிட, அவை எங்கிருந்து வேலை செய்கின்றன என்பதால் பிரித்தறிவது நல்லது. பிடரியில் விடும் துளி மருந்துகளும் கழுத்துப் பட்டிகளும் பெரும்பாலும் தோலின் மேற்பரப்பிலும் மயிரிலும் பரவியிருந்து, அங்கே ஊரும் உண்ணியைக் கொல்கின்றன. அவற்றுட் சில உண்ணியைக் கடிக்குமுன்பே விலகவும் வைக்கும். வாயால் கொடுக்கும் மாத்திரைகள், குறிப்பாக அஃபொக்சொலனர், ஃப்ளூரலனர் போன்றவை, இரத்தத்தில் கலந்திருக்கும். உண்ணி கடித்து இரத்தத்தை உறிஞ்சும்போது அதன் நரம்பு மண்டலம் குழம்பி, பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் இறந்துவிடும். சில மாத்திரைகள் ஒரு மாதத்துக்கும் சில ஏறத்தாழ மூன்று மாதங்கள் வரைக்கும் வேலை செய்யும்.

மிகப் பெரிய ஏமாற்றம் இங்கேதான் உருவாகிறது. மாத்திரை கொடுத்து மூன்றாவது கிழமையில் நாயின் காதில் இரண்டு உண்ணிகளைக் கண்டவுடன், மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மாத்திரையால் கடிப்பதைத் தடுக்க முடியாது. கடித்த உண்ணியைக் கொல்லத்தான் முடியும். சுவரிலிருந்து புதிதாக வெளிவரும் ஒவ்வோர் உண்ணியும் நாயின் மீது ஏறி, கடித்து, முட்டையிட முடியாமல் சாகிறது. அதாவது, மருந்து கொடுக்கப்பட்ட நாய் வீட்டிலுள்ள உண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு முழுச் சுற்று இரண்டு, மூன்று மாதங்கள் என்று முன்னர் பார்த்தோம். எனவே குறைந்தது அவ்வளவு காலமாவது, ஒரு நாள்கூட இடைவெளி விடாமல், வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் மருந்து தொடர்ந்தால்தான் புதிய முட்டைகள் நின்று வீடு துப்புரவாகும். இரண்டு நாய்களுள் ஒன்றுக்கு மட்டும் கொடுப்பது பயனற்றது. உண்ணி குறைந்தபின்பும் விடாமல் தொடர வேண்டும், ஏனெனில் படிக்கட்டிலும் மின்தூக்கியிலும் தெருவிலும் மற்ற நாய்களிடமிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும்.

எர்லிக்கியா, உண்ணி கடித்த சில மணித்தியாலங்களுக்குள்ளேயே தொற்றக்கூடியது. பபீசியா தொற்றுவதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். இதனால், உண்ணி அதிகமுள்ள இடங்களில் கடிக்குமுன்பே விலக்கும் மருந்தையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று மிருக வைத்தியரிடம் கேட்பது நல்லது. வலிப்பு வரும் நாய்க்கு மாத்திரை கொடுக்குமுன் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த மாத்திரைக் குடும்பம் அரிதாக வலிப்பைத் தூண்டலாம். எடைக்கேற்ற அளவையே வாங்க வேண்டும். பெரிய நாயின் மாத்திரையை உடைத்துச் சிறிய நாய்களுக்குப் பங்கிடுவது தவறு. துளி மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்கள் குளிப்பாட்டாமல் இருப்பது பொதுவான விதி.

பூனை சிறிய நாய் அன்று

பூனை தன் உடலை ஓயாமல் நக்கித் துப்புரவாக்குவதால், பெரும்பாலான உண்ணிகளை அதுவே அகற்றிவிடுகிறது. கபில நாயுண்ணியும் பூனையை அதிகம் நாடுவதில்லை. ஆகவே கொழும்பில் பூனைக்கு உண்ணியால் வரும் ஆபத்தைவிட, உண்ணி மருந்தால் வரும் ஆபத்தே பெரிது என்று துணிந்து சொல்வேன்.

காரணம் பெர்மெத்ரின் என்ற மருந்து. நாய்களுக்கான துளி மருந்துகள் சிலவற்றில் இது 45 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். நாயின் ஈரல் இதை எளிதாக உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பூனையின் ஈரலில் அதற்குத் தேவையான நொதியத் தொழிற்பாடு மிகக் குறைவு. எனவே நஞ்சு உடலில் தேங்கி, சில மணித்தியாலங்களில் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். சிறு நாய்க்கான துளியில் பாதியைப் பூனைக்கு விட்டால் போதும் என்ற எண்ணம் பல பூனைகளைக் கொன்றிருக்கிறது. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனையும், அந்த நாயின் பிடரியை நக்கும் பூனையும்கூடப் பாதிக்கப்படலாம். நாயும் பூனையும் ஒன்றாக வாழும் வீட்டில் பெர்மெத்ரினையே தவிர்த்து, நாய்க்கு மாத்திரை கொடுப்பது பாதுகாப்பானது. அமிட்ராஸ் என்ற கழுவும் மருந்தும் பூனைக்கு ஆகாது. பூனைக்கென்றே பதிவு செய்யப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. பெட்டியில் பூனையின் பெயர் இல்லையென்றால் பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது.

தவறுதலாகப் பட்டுவிட்டால், பூனை வலிப்பில் இல்லாத நிலையில், கோப்பை கழுவும் திரவத்தாலும் வெதுவெதுப்பான நீராலும் கழுவி, துவாயில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். நடுக்கம் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு நேரமில்லை.

வீட்டு வைத்தியங்களைப் பற்றி

மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் புண்ணாக்கும். நக்கினால் நுரையீரல் பாதிக்கப்படும். கற்பூரமும் அந்துருண்டையும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. உள்ளிப் பல்லை உணவில் சேர்த்தால் உண்ணி அண்டாது என்ற நம்பிக்கை எல்லாவற்றிலும் கவலை தருவது, ஏனெனில் உள்ளியும் வெங்காயமும் நாயின் செங்குழியங்களை உடைக்கின்றன, பூனையினதை இன்னும் அதிகமாக உடைக்கின்றன. பபீசியா செய்யும் சேதத்தை நாமே உணவில் கலந்து கொடுப்பதாகிவிடும். பயிருக்கு அடிக்கும் பூச்சிகொல்லியைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவோரும் இருக்கிறார்கள். எத்தனை துளி என்ற கணக்குப் பிழைத்தால் நாய் அன்றே இறக்கலாம், கழுவியவருக்கும் ஆபத்து. வேப்பெண்ணெயை நீர்த்துத் தடவினால் சில உண்ணிகள் விலகக்கூடும். ஆனால் நோயைத் தடுக்கும் அளவுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

கழற்றுவதும் வீட்டைத் துப்புரவாக்குவதும்

தினமும் தேட வேண்டிய இடங்கள் காதின் உள்ளும் புறமும், கழுத்துப் பட்டியின் அடி, கக்கம், விரல் இடுக்கு, வாலின் அடி ஆகியன. கூர்மையான சிமிட்டாவால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, முறுக்காமல் நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் பூசுவதோ தீக்குச்சியால் சுடுவதோ கூடாது. துன்புறுத்தப்பட்ட உண்ணி தன் உமிழ்நீரைக் காயத்துக்குள் மேலும் கக்கலாம். வாய்ப்பகுதி சிறிது தோலில் தங்கிவிட்டால் தோண்ட வேண்டாம், உடல் தானே அதை வெளித்தள்ளிவிடும். கழற்றியதை விரலால் நசுக்காமல் ஸ்பிரிற் உள்ள போத்தலுக்குள் போடுங்கள். உண்ணி சுமக்கும் கிருமிகளுட் சில மனிதருக்கும் காய்ச்சலை உண்டாக்கக்கூடியவை.

வீட்டில் நாய் படுக்கும் இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தேடுங்கள். சுவர் வெடிப்புகளையும் கதவு நிலை இடுக்குகளையும் பூசி அடைப்பது எந்தத் தெளிப்பு மருந்தைவிடவும் நீண்ட காலம் பயன் தரும். நாயின் விரிப்பைக் கிழமைக்கொரு தடவை கொதிநீரில் துவையுங்கள். தூசு உறிஞ்சும் கருவி இருந்தால் மூலைகளிலுள்ள தூசை இழுத்து, அதன் பையை உடனே அகற்றுங்கள். தெளிப்பு மருந்து அடிக்க ஆட்களை அழைத்தால், வீட்டில் பூனையோ மீன்தொட்டியோ இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பல தெளிப்பு மருந்துகள் பெர்மெத்ரின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

எப்போது வைத்தியரிடம் போவது

நாய் ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாமல், சூடாகவும் சோர்வாகவும் இருந்தால் அதன் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். முரசு வெளிறியிருந்தாலோ, மஞ்சளாகத் தெரிந்தாலோ, புள்ளிகள் இருந்தாலோ, சிறுநீர் கறுத்திருந்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ அன்றே கொண்டு போக வேண்டும். இடையில் பரசிற்றமோல் கொடுக்க வேண்டாம். அது நாயின் ஈரலுக்கு ஆபத்து, பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். அஸ்பிரின் இரத்தக் கசிவை அதிகரிக்கும்.

வைத்தியரிடம் போனதும், உண்ணியைக் கடைசியாகக் கண்டது எப்போது என்பதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அது ஒரு மாதத்துக்கு முந்தியதாக இருந்தாலும், ஒரே ஓர் உண்ணியாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். எர்லிக்கியா வெளிப்பட ஒன்று முதல் மூன்று கிழமைகள் வரை எடுப்பதால், காய்ச்சல் வரும் நேரத்தில் நாயின் மீது ஓர் உண்ணியும் இல்லாமலிருப்பது சாதாரணம். குருதிச் சிறுதட்டுக்களையும் செங்குழியங்களையும் எண்ணும் சோதனையோடு, இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அதில் ஒன்றும் தென்படாவிட்டாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. கிருமி குறைவாக இருக்கும்போது கண்ணுக்குத் தப்பிவிடும், அவ்வேளையில் வைத்தியர் வேறு சோதனைகளைப் பரிந்துரைப்பார். மருந்து கொடுத்த இரண்டாம் நாளே நாய் எழுந்து ஓடத் தொடங்கினாலும், டொக்சிசைக்கிளின் மாத்திரைகளை எழுதிக் கொடுத்த கடைசி நாள் வரைக்கும், உணவோடும் நிறையத் தண்ணீரோடும் கொடுத்து முடிக்க வேண்டும்.